சாலையும் பந்தயத் தளமும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில், என்னிடம் படித்த பழைய மாணவர் ஒருவர் புதிய மோட்டார் வண்டியொன்றில் வந்து என் வீட்டு வாயிலில் இறங்கினார். தாழ்ந்த கூரை, அகன்ற சக்கரங்கள், செந்நிறம். முன்னே இருவர் வசதியாக அமரலாம். பின்னிருக்கையில் பள்ளிப் பையை வைக்கலாமேயன்றிப் பள்ளிப் பிள்ளையை வைக்க இயலாது. ஸ்போர்ட்ஸ் கார் என்று வழங்கும் வகையைச் சேர்ந்தது. விற்பனையாளர் தந்த வண்ணப் புத்தகத்தை என் கையில் கொடுத்து, "ஐயா, இந்த வண்டியை ஜெர்மனியில் பந்தயத் தளத்தில் ஓட்டி ஓட்டிப் பார்த்துத்தான் செம்மை செய்திருக்கிறார்கள். அங்கே அவ்வளவு வேகத்தில் வளைவுகளில் திரும்பும் வண்டி, நம்முடைய சாலையில் அதில் பாதி வேகத்தில் போனால் ஆபத்து என்கிறீர்களே, அது எப்படி?" என்று கேட்டார்.

விடை தெரியாத கேள்விக்கு அறிவுரை கூறிவிடுவது எங்கள் தொழிலில் இருப்போர் பலருக்கும் உள்ள பழக்கம். "மெதுவாகப் போ, தம்பி" என்றேன். நான்கு மாதம் கழித்து ஓர் இரவில், நெடுஞ்சாலையோரத்தில் பின்விளக்கு இல்லாமல் நின்றிருந்த கரும்பு டிராக்டரின் மேல் அவ்வண்டி மோதியது. உயிர் தப்பியது. இடுப்பெலும்பு முறிந்து, ஓராண்டுக் காலம் ஊன்றுகோலுடன் நடந்தார். மருத்துவமனையில் அவர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது, அவர் கேட்டது நியாயமான கேள்வி, நான்தான் அதற்கு விடை கூறவில்லை என்னும் எண்ணம் என்னை உறுத்தியது. காலந்தாழ்த்தி நான் தேடிக்கொண்ட அந்த விடையே இன்றைய பேச்சு. அதில் ஒரு பகுதி இயந்திர நூலைச் சேர்ந்தது. பெரும்பகுதி வரலாற்றைச் சேர்ந்தது.

மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் பந்தயத் தளம் என்று தனியாக ஒன்று இல்லை. மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் சென்ற அதே நாட்டுப்புறச் சாலையில்தான் பந்தயமும் நடந்தது. 1894 ஆம் ஆண்டு ஜூலை 22 ஆம் நாள், பாரிஸ் நகரிலிருந்து ரூவான் நகர்வரை, 126 கி.மீ. தூரத்துக்குக் குதிரையில்லா வண்டிகளின் போட்டியொன்றைப் பாரிஸ் நாளிதழ் ஒன்று நடத்தியது. மிக விரைந்து வருவோர்க்குப் பரிசு என்று அவ்விதழ் அறிவிக்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஆபத்தில்லாததாய், எளிதில் ஓட்டத்தக்கதாய், வழிச்செலவு மிகாததாய் உள்ள வண்டிக்கே பரிசு என்பது நிபந்தனை. முதலில் வந்து சேர்ந்தது தெ தியோன் என்னும் பிரபுவின் நீராவி வண்டி. ஆயினும், கொதிகலனுக்கு எரிபொருள் இட்டுக்கொண்டிருக்கத் தனியே ஓர் ஆள் வேண்டியிருந்தபடியால், முதற்பரிசு அதற்குக் கிடைக்கவில்லை. பின்னால் வந்த பியூஜோ, பனார்டு-லெவாசர் என்னும் இரு நிறுவனங்களின் பெட்ரோல் வண்டிகளுக்கு அது பகிர்ந்தளிக்கப்பட்டது. இக்காலத்து இளைஞர் இதைப் பந்தயம் என்றே ஒப்பமாட்டார்.

மறு ஆண்டு, 1895 ஜூன் மாதம், பாரிஸிலிருந்து போர்டோவுக்குச் சென்று மீளும் 1,178 கி.மீ. பந்தயம் நடைபெற்றது. எமில் லெவாசர் என்பவர் ஏறத்தாழ 48 மணி 48 நிமிட நேரத்தில், இரவு பகலாகத் தாமே வண்டியைச் செலுத்தி முதல்வராக வந்தார். சராசரி வேகம் மணிக்கு 24 கி.மீ. இன்று நம்மூர்ப் பிள்ளைகள் சைக்கிளில் சிறிது முயன்றால் அந்த வேகத்தை எட்டிவிடலாம். ஆயினும் அவருக்கும் முதற்பரிசு இல்லை! அவருடைய வண்டி இருவர் அமரும் வண்டி. நால்வர் அமரத்தக்கதாக இருத்தல் வேண்டும் என்பது விதி. குடும்பத்தோடு சாலையில் செல்வதற்கு உதவாத வண்டி எவ்வளவு வேகமாக வந்தாலும் வென்றதாகாது என்று அக்காலத்துப் பந்தய அதிகாரிகள் எண்ணினார்கள். அதே பந்தயத்தில் காற்றடைத்த டயர்களைப் பொருத்திக்கொண்டு மிஷலின் சகோதரர்கள் ஒரு வண்டியை ஓட்டிச் சென்றனர். வழிநெடுகப் பஞ்சர் ஒட்டி அவர்கள் பட்டபாடு கொஞ்சமன்று. எனினும் இன்று உலகம் முழுவதும் வண்டிகள் காற்றின்மீதே செல்கின்றன.

லெவாசரின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஆண்டு நடந்த பாரிஸ்-மார்செய் பந்தயத்தில் சாலையின் குறுக்கே ஒரு நாய் வந்தது. அதைத் தவிர்க்க முயன்றபோது வண்டி கவிழ்ந்தது. அதில் அடிபட்டு நலிந்த அவர் 1897 இல் காலமானார். உலகத்திலேயே சிறந்த ஓட்டுநரை ஒரு நாய் வீழ்த்திவிட்டது. நம் பேச்சில் இந்த நாய் மீண்டும் வரும்.

எட்டே ஆண்டுகளில் வண்டிகளின் வேகம் நான்கு மடங்குக்கு மேல் பெருகிற்று. சாலையோ அப்படியே இருந்தது. 1903 ஆம் ஆண்டு மே 24 ஆம் நாள் விடியற்காலையில் வெர்சேல்ஸிலிருந்து மாட்ரிட் நகரை நோக்கி இருநூறுக்கு மேற்பட்ட வண்டிகள் புறப்பட்டன. சாலையின் இருமருங்கிலும் மக்கள் வெள்ளம். தார் காணாத சாலைகளாதலின் முன்செல்லும் வண்டி எழுப்பிய புழுதியில் பின்வருவோர்க்கு எதிரில் எதுவும் தென்படவில்லை. இருபுறமும் நின்ற மரங்களின் உச்சிகளைப் பார்த்தே சாலை எப்பக்கம் திரும்புகிறது என்று ஊகித்து ஓட்டினார்கள். பெர்னான்டு கப்ரியேல் என்பவர் போர்டோ வரை மணிக்கு ஏறத்தாழ 105 கி.மீ. சராசரியில் வந்தார். அவர் வந்து சேருமுன்னரே துயரச் செய்திகளும் வரத் தொடங்கிவிட்டன. ரெனோ நிறுவனத்தை நிறுவிய சகோதரர்களுள் ஒருவரான மார்செல் ரெனோ உட்பட ஓட்டுநர், உடனிருந்த மெக்கானிக்கு, வேடிக்கை பார்த்தோர் எனப் பலர் மாண்டனர். பிரெஞ்சு அரசாங்கம் பந்தயத்தைப் போர்டோவிலேயே நிறுத்தியது. எஞ்சினைக் கிளப்பவும் அனுமதியில்லை. உலகின் மிக விரைந்த வண்டிகளைக் குதிரைகள் ரயில் நிலையத்துக்கு இழுத்துச் சென்றன. அங்கிருந்து அவை ரயிலில் ஏறி ஊர் திரும்பின.

ஊர்விட்டு ஊர் ஓடும் பெரும் பந்தயங்களின் காலம் ஏறக்குறைய அன்றோடு முடிந்தது. அதே ஆண்டு ஜூலை 2 இல் அயர்லாந்தில் நடந்த கோர்டன் பென்னட் கோப்பைப் பந்தயத்தைப் பாருங்கள். பிரிட்டிஷ் சட்டப்படி அப்போது மோட்டார் வண்டிகள் மிக மெதுவாகவே செல்லவேண்டும். ஆகவே இந்த ஒரு பந்தயத்துக்காகப் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. ஆதை என்னும் ஊரைச் சுற்றியுள்ள சாலைகளை அடைத்து, ஆயிரக்கணக்கான காவலரை நிறுத்தி, அச்சாலைகளையே சுற்றிச்சுற்றி வரும்படி அமைத்தார்கள். ஊருக்குள் நுழையும்போது மட்டும் சைக்கிளில் செல்லும் ஒருவர் பின்னே, திருமண ஊர்வலம் போல, வண்டிகள் மெல்லச் சென்றன.

அப்பந்தயத்தில் வென்ற வண்டியின் கதை நம் பொருளுக்கு மிகவும் ஏற்றது. மெர்சிடிஸ் வண்டிகளைச் செய்த டெய்ம்லர் நிறுவனம் இதற்கென்றே 90 குதிரைத்திறன் கொண்ட பந்தய வண்டிகளைக் கட்டியிருந்தது. பந்தயத்துக்குச் சில வாரங்களுக்கு முன் தொழிற்சாலையில் தீப்பற்றி அவை எரிந்துபோயின. நிறுவனத்தார் தங்களிடம் 60 குதிரைத்திறன் வண்டிகளை வாங்கியிருந்த செல்வர்களிடம் கடன் கேட்டார்கள். அமெரிக்கர் ஒருவர் தாம் பயணம் செய்ய வாங்கிய வண்டியைத் தந்தார். அதை ஓட்டிய கமீல் ஜெனாட்சி என்னும் செந்தாடிக்காரர் பந்தயத்துக்கென்றே பிறந்த வண்டிகளையெல்லாம் வென்றார். மணிக்கு 100 கி.மீ. வேகத்தை 1899 இல் முதன்முதலாகக் கடந்தவரும் அவரே. அன்று அவர் ஓட்டியது மின்சார வண்டி. ஆக, 1903 வரையில் சாலை வண்டி வேறு, பந்தய வண்டி வேறு என்னும் பிரிவு உறுதிப்படவில்லை. ஒரே வண்டி இரண்டும் செய்ய இயன்றது.

பிரிவை உறுதிப்படுத்தியது இங்கிலாந்து. அந்நாட்டில் 1903 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சாலையில் மணிக்கு 20 மைல், அதாவது 32 கி.மீ. வேகமே உச்சவரம்பு. பிறநாட்டார் பந்தயங்களில் பழகித் தம் வண்டிகளை மேம்படுத்த, ஆங்கில வண்டிகளுக்குப் பழகவும் இடமில்லாமற் போயிற்று. ஹ்யூ லாக் கிங் என்னும் நிலக்கிழார் தம் சொந்த நிலத்தில், சொந்தச் செலவில், சரே மாவட்டத்தில் புரூக்லாண்ட்ஸ் என்னும் தளத்தைக் கட்டினார். 1907 ஜூன் 17 இல் அது திறக்கப்பட்டது. சுற்றளவு ஏறத்தாழ 4.4 கி.மீ.; தரை முழுவதும் கான்கிரீட்டு. வளைவுகளில் வெளிப்புறம் ஒன்பது மீட்டர் உயரம்வரை கிண்ணத்தின் விளிம்புபோல் எழும்பியிருக்கும். ஆகவே வேகத்தைக் குறைக்காமலே திரும்பலாம். திறந்த சில நாட்களுக்குள் எட்ஜ் என்பவர் நேப்பியர் வண்டியொன்றில் 24 மணி நேரம் தொடர்ந்து சுற்றி, ஏறத்தாழ 2,540 கி.மீ. தூரத்தைக் கடந்தார். இரவில் வழி தெரியச் சிவப்பு விளக்குகளைத் தளத்தின் ஓரத்தில் வரிசையாக வைத்திருந்தார்களாம். பொதுச்சாலையில் எவராலும் ஒரு நாளில் நினைத்துப் பார்க்க முடியாத தூரம் அது.

அத்தளம் எத்தகைய வண்டியைப் பிறப்பித்தது? 1933 இல் ஜான் காப் என்பாருக்காகக் கட்டப்பட்ட நேப்பியர்-ரெயில்டன் என்னும் வண்டிக்கு 24 லிட்டர் கொள்ளளவுள்ள விமான எஞ்சின். 1935 இல் அது புரூக்லாண்ட்ஸில் மணிக்கு 230 கி.மீ. வேகத்தில் ஒரு சுற்று வந்து, அத்தளம் உள்ள வரையில் எவரும் முறியடிக்காத சாதனையை நிறுவியது. அதற்கு முன் சக்கரங்களில் பிரேக்கு கிடையாது! பின் சக்கரங்களில் மட்டுமே உண்டு. தளத்தின் மேல் குறுக்கே வருவார் எவருமில்லை. வளைவில் வேகம் குறைக்கத் தேவையில்லை. பிறகு பிரேக்கு எதற்கு என்பது அவர்கள் கணக்கு. அக்கணக்கு அந்தத் தளத்தில் சரி. நம் கடைத்தெருவில் பால்காரர் சைக்கிள் குறுக்கே வரும்போது அவ்வண்டியில் உட்கார்ந்திருப்பவர் கதி என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

தளம் சாலைக்கு ஒன்றும் தரவில்லை என்று நான் கூறுவதாக எண்ணவேண்டா. 1923 இல் பிரான்சில் தொடங்கிய லெ மான் 24 மணிப் பந்தயம் சாலை வண்டிகளைச் சோதிக்கவென்றே ஏற்பட்டது. தொடக்க ஆண்டுகளில், ஓட்டுநர் நடுவே வண்டியை நிறுத்தித் துணிக்கூரையை விரித்து மாட்டிக்கொண்டு ஓட்டவேண்டும் என்றுகூட விதி இருந்தது. மழை வந்தால் பயணிக்கு உதவாத கூரை கூரையாகாது என்பது கருத்து. 1953 இல் ஜாகுவார் வண்டிகள் அங்கு வெற்றி பெற்றதற்குத் தட்டுப் பிரேக்கு பெருங்காரணம். பழைய உருளைப் பிரேக்கில் சூடு உள்ளேயே தங்கிப் பிடிப்புக் குறையும். தட்டு காற்றில் திறந்திருப்பதால் விரைவில் ஆறும். இரண்டே ஆண்டில் சித்ரோயன் நிறுவனத்தின் குடும்ப வண்டியில் அது வந்தது. இன்று உங்கள் வீட்டுக் கார்களிலும், பல மோட்டார் சைக்கிள்களிலும் இருக்கிறது. கொடுக்கல் வாங்கல் எதிர்த்திசையிலும் நடந்ததுண்டு. 1911 இல் இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் வென்ற ரே ஹாருன், பின்னே வருவதைப் பார்க்க வண்டியில் ஒரு கண்ணாடியைப் பொருத்தியிருந்தார். அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்றதற்கு, தெருவில் ஒரு குதிரை வண்டியில் கண்டதாகக் கூறினார்.

இனி நம் வரலாற்றின் நடுநாயகமான நிகழ்ச்சிக்கு வருவோம். இத்தாலியில் சாலைப் பந்தயம் சாகவில்லை. பிரேஷா நகரில் தொடங்கி ரோமாபுரி சென்று மீண்டும் பிரேஷாவில் முடியும் 'மில்லே மில்யா', அதாவது ஆயிரம் மைல் பந்தயம், 1927 முதல் நடந்துவந்தது. மலைச்சாலை, கடற்கரைச் சாலை, ஊர்த் தெரு, பாலம், ரயில்வே கேட்டு எல்லாம் அதில் அடங்கும். ஆயிரத்தறுநூறு கிலோமீட்டர் சாலையை எந்த மனிதர் மனப்பாடம் செய்ய இயலும்? அவ்வூர்களிலேயே பிறந்து வளர்ந்த இத்தாலியரே பெரும்பாலும் வென்றதில் வியப்பில்லை.

1955 இல் ஸ்டர்லிங் மாஸ் என்னும் ஆங்கில இளைஞர் மெர்சிடிஸ் நிறுவனத்துக்காக இதில் கலந்துகொண்டார். அவருடன் சென்றவர் டெனிஸ் ஜெங்கின்சன் என்னும் பத்திரிகையாளர். தாடி வைத்த, கட்டைகுட்டையான மனிதர். இருவரும் பந்தயத்துக்கு முன் அப்பாதையைப் பலமுறை சுற்றி வந்தார்கள். ஒவ்வொரு வளைவும் எத்தகையது, எந்த மேட்டுக்கு அப்பால் சாலை நேராகச் செல்கிறது, எங்கே திரும்புகிறது, எங்கே குழி, எங்கே இருப்புப்பாதை என்பதையெல்லாம் ஜெங்கின்சன் குறித்துக்கொண்டார். அக்குறிப்புகளைச் சுமார் ஐந்தரை மீட்டர் நீளமுள்ள காகிதச் சுருளில் எழுதி, சிறு பெட்டிக்குள் வைத்து, ஒருபுறம் அவிழ்த்து மறுபுறம் சுற்றிப் படிக்கும்படி அமைத்தார். திறந்த வண்டியில், எஞ்சின் முழக்கத்தில் பேச்சுக் காதில் விழாது. ஆதலால் கைச்சாடைகளை இருவரும் முன்னரே பேசி வைத்துக்கொண்டார்கள்.

மே 1 ஆம் நாள் காலை 7 மணி 22 நிமிடத்துக்குப் புறப்பட்ட அவர்கள் வண்டியின் எண்ணும் 722. மேட்டின் அப்பால் இருப்பது கண்ணுக்குத் தெரியாத இடங்களில், ஜெங்கின்சன் கையை அசைத்தால் மாஸ் வேகத்தைக் குறைக்காமலே பாய்ந்தார். 10 மணி 7 நிமிடம் 48 விநாடியில், மணிக்கு 157 கி.மீ. சராசரியில் அவர்கள் பந்தயத்தை முடித்தார்கள். இரண்டாவதாக வந்தவர் அக்காலத்தின் தலைசிறந்த ஓட்டுநரான ஃபாஞ்சியோ. வண்டி அதே வகை மெர்சிடிஸ், தனியே ஓட்டிவந்தார். 32 நிமிடம் பின்தங்கினார். அவர் வண்டியில் கோளாறும் ஏற்பட்டதுண்டு. ஆனாலும் அந்த அரைமணியில் பெரும்பங்கு காகிதச் சுருளுக்கு உரியது என்றே நான் கருதுகிறேன். அவ்விருவரும் செய்தது என்ன? ஆயிரம் மைல் சாலையைத் தங்களுக்கு மட்டும் பந்தயத் தளமாக மாற்றிக்கொண்டார்கள். தளம் என்றால் வழுவழுப்பான தரை என்றும், அகன்ற பாதை என்றும் நாம் நினைக்கிறோம். அவையெல்லாம் அடுத்தபடி. முன்னே இருப்பது இன்னது என்று ஓட்டுபவர் அறிந்திருக்கும் இடமே தளம்.

இதைப் படித்தறிந்த அன்றுதான் என் மாணவருக்குரிய விடை எனக்குக் கிடைத்தது.

ஆனால் சுருளில் எழுத முடியாதவை சில உண்டு. 1957 மே 12 இல் அதே பந்தயத்தில், குயிதித்சோலோ என்னும் சிற்றூர் அருகே, நேர்ச்சாலையில் ஒரு ஃபெராரியின் டயர் வெடித்தது. ஓட்டிய தெ போர்த்தாகோவும் உடனிருந்தவரும், சாலையோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒன்பது பேரும் மாண்டனர். அந்த ஒன்பதின்மரில் ஐவர் குழந்தைகள். இத்தாலிய அரசு சாலைப் பந்தயத்தை நிறுத்திற்று. இரண்டாண்டுக்கு முன்னர், 1955 ஜூனில், லெ மானில் ஒரு வண்டி பார்வையாளர் கூட்டத்தினுள் பாய்ந்து எண்பதுக்கு மேற்பட்டோரைக் கொன்றிருந்தது. அங்கே வண்டிகள் பழுதுபார்க்க ஒதுங்கும் இடத்துக்கும் ஓடும் பாதைக்கும் இடையே தடுப்பு எதுவும் அப்போது இல்லை. 1923 இன் வேகத்துக்கு அமைந்த இடத்தில் 1955 இன் வண்டிகள் ஓடின.

ஒரு வேடிக்கையைக் குறிப்பிட வேண்டும். இன்று விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களின் மேல் பொறித்திருக்கும் பெயர்கள் பல, நின்றுபோன சாலைப் பந்தயங்களின் பெயர்கள். போர்ஷே நிறுவனத்தின் 'கரேரா' என்பது மெக்சிகோ நாட்டின் நெடுஞ்சாலைகளில் 1950 முதல் 1954 வரை நடந்த பந்தயத்தின் பெயரிலிருந்து வந்தது. 'தார்கா' என்பது சிசிலித் தீவின் மலைச்சாலைகளில் 1906 இல் தொடங்கிய 'தார்கா புளோரியோ'வின் பெயர். 'ஜி.டி.' என்னும் ஈரெழுத்து, நெடும்பயணத்துக்குரிய வண்டி என்று பொருள்படும் இத்தாலியச் சொற்களின் சுருக்கம். விளம்பரம் பேசுவது தளத்தின் வேகத்தை. வண்டியின் முதுகில் எழுதியிருப்பதோ சாலையின் பெயரை.

என் மாணவர் காட்டிய புத்தகத்தில் இருந்த தளம் நியூர்பர்க்ரிங். 1927 இல் ஐஃபல் மலைப்பகுதியில் திறக்கப்பட்டது; வேலையற்றோருக்கு வேலை கொடுப்பதற்காகவும் கட்டியது. ஏறத்தாழ 20 கி.மீ. நீளமும் எழுபதுக்கு மேற்பட்ட வளைவுகளும் கொண்ட அதன் வடசுற்று இன்றும் பல நாட்களில், கட்டணம் செலுத்தும் எவரும் தம் வண்டியை ஓட்டலாம் என்னும் முறையில் திறந்திருக்கிறது. வண்டி செய்வோர் அங்கே ஒரு சுற்றுக்கு ஆன நேரத்தைப் பறைசாற்றுவது வழக்கமாகிவிட்டது. 2013 இல் போர்ஷேயின் ஒரு வண்டி 6 நிமிடம் 57 விநாடியில் சுற்றியது. அத்தகைய நேரம் எடுக்கும் ஓட்டுநர் அவ்வளைவுகளை நூற்றுக்கணக்கான முறை சுற்றியவர். அன்று தளத்தில் வேறு வண்டி இராது. டயர் புதியது. வண்டியின் திறமை பொய்யன்று; அத்திறமை வெளிப்பட்ட நிலைமைகளை வண்டியோடு சேர்த்து நமக்கு விற்பதில்லை.

இயந்திரத்தைப் பற்றிச் சிறிது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு விநாடியில் 28 மீட்டர் ஓடுகிறது. நல்ல குடும்ப வண்டி அவ்வேகத்திலிருந்து காய்ந்த சாலையில் ஏறத்தாழ 40 மீட்டரில் நிற்கும். தேர்ந்த ஸ்போர்ட்ஸ் கார் 35 மீட்டரில் நிற்கலாம். வித்தியாசம் ஐந்து மீட்டர். ஆனால் கண் கண்டு, மனம் உணர்ந்து, கால் பிரேக்கை அழுத்துவதற்குள் ஒரு விநாடிக்கு மேல் ஆகிவிடுகிறது. அதற்குள் 28 மீட்டரோ 40 மீட்டரோ கடந்துவிடும். தாழ்த்திய முன்விளக்கின் ஒளியில் இருட்டாக நிற்கும் ஒரு டிராக்டர் 50 மீட்டர் தூரத்தில்தான் தெரியும் என்று வைத்துக்கொண்டால், கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். விலையுயர்ந்த பிரேக்கு ஈட்டித் தந்த ஐந்து மீட்டர் அங்கே போதாது. வேகம் இரு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பது உங்கள் பௌதிகப் புத்தகத்திலேயே இருக்கிறது.

தளத்துக்கு ஏற்றது சாலைக்கு ஊறாவதும் உண்டு. பந்தயப் பிரேக்குக் கட்டைகள் நன்றாகச் சூடேறினால்தான் பிடிக்கும். காலையில் வீட்டிலிருந்து புறப்பட்டு முதல் சந்திப்பில் அழுத்தினால் அவை பிடிப்புக் குறைந்து ஏமாற்றும். வழுக்கை டயர் காய்ந்த தளத்தில் ஒட்டிக்கொள்ளும். முதல் மழைத்துளியில் கைவிட்டுவிடும். விறைப்பான ஸ்பிரிங்கு வளைவில் வண்டியைச் சாயவிடாது. குண்டுகுழியில் அதே விறைப்பு சக்கரத்தைத் தரையை விட்டுத் தூக்கிவிடும். தரையைத் தொடாத சக்கரத்துக்குப் பிடிப்பு ஏது?

இதன் மறுபக்கத்தையும் என் மாணவரே அனுபவித்தார். உடல் தேறியபின் சிறிய வண்டியொன்றை வாங்கி மூன்றாண்டு குறையின்றி ஓட்டிவந்தவர், ஒருநாள் முறையாகப் பணம் கட்டி, தலைக்கவசம் அணிந்து, அதைப் பந்தயத் தளம் ஒன்றில் ஓட்டினார். நான்காம் சுற்றில் பிரேக்கு மிதி பஞ்சுபோல் உள்ளே போயிற்றாம். மீண்டும் மீண்டும் அழுத்தியதில் பிரேக்கு எண்ணெய் கொதித்துக் குமிழியிட்டுவிட்டது. தளத்தின் ஓரத்தில் அகலமான மணல் பரப்பு இருந்ததால் வண்டி அதில் புதைந்து நின்றது. மேலே ஒரு கீறலும் இல்லை. "சாலையில் மூன்று வருஷம் ஒரு குறையும் சொல்லாத பிரேக்கு, ஐயா!" என்று என்னிடம் வந்து வியந்தார். "சாலையில் நீ அதை அப்படி வேலை வாங்கியதில்லையே, தம்பி" என்றேன். இந்தத் தடவை அறிவுரை கூறவில்லை. காகிதச் சுருளின் கதையைக் கூறினேன். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்தச் சுருளில் டிராக்டர் இல்லை, அவ்வளவுதானே?" என்றார். நாயும் இல்லை என்றேன்.

நம் ஊர்ச் செய்தியையும் சேர்க்காவிட்டால் பேச்சு நிறைவுறாது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் பல நாடுகளில் விமான ஓடுபாதைகள் வெறிதே கிடந்தன. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் விமானத்தளம் 1948 இல் பந்தயத் தளமானது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் போர்க்காலத்து ஓடுபாதை ஒன்று இருந்தது. 1953 இல் ஏற்பட்ட சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் அங்கே பந்தயம் நடத்திவந்தனர். ஆசிரியப் பயிற்சி மாணவனாக இருந்தபோது நண்பர்கள் இழுத்துச் செல்ல நானும் ஒருமுறை போனேன். வெயில், புழுதி, கையில் கரும்புச்சாறு. ஓடியவற்றுள் பல, நாங்கள் தெருவில் அன்றாடம் காணும் பியட் கார்களே. இருக்கைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, கதவில் எண் எழுதி ஓட்டினார்கள். திருப்பத்தில் உட்புறச் சக்கரம் ஒரு சாண் உயரம் தூக்கிக்கொண்டு போவதைக் கண்டு, இதே வண்டியில்தானா எங்கள் ஊர் டாக்டர் நோயாளி வீட்டுக்குப் போகிறார் என்று வியந்தது நினைவிருக்கிறது. 1980-களின் இறுதியோடு சோழவரம் பந்தயங்கள் ஓய்ந்தன. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில், பந்தயத்துக்கென்றே கட்டிய தளம் 1990 இல் திறக்கப்பட்டது.

பின்னர் வட்டம் சுற்றிவந்து பந்தயம் மீண்டும் தெருவுக்கே வந்தது. 2024 ஆம் ஆண்டு ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய இரு நாட்களில், தீவுத்திடலைச் சுற்றியுள்ள சாலைகளில், 3.5 கி.மீ. சுற்றில், சென்னை நகரில் இரவுப் பந்தயம் நடைபெற்றது. கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் ஆகியவை அதில் அடங்கும். மோனாக்கோவில் 1929 முதல் நகரத் தெருக்களில் நடந்துவரும் பந்தயத்தைப் போன்றது இது. தெருப்பந்தயம் என்று இதைச் சொல்கிறோம். ஆயினும் அத்தெருக்களை அடைத்து, மீண்டும் தார் பரப்பி, இருபுறமும் கான்கிரீட்டுத் தடுப்பும் அதன்மேல் கம்பி வேலியும் நிறுத்தி, பகல்போல் விளக்கேற்றி, உலக மோட்டார் சம்மேளனத்தின் சான்றிதழைப் பெற்ற பின்பே வண்டிகளை விட்டார்கள். பந்தயத்துக்கு முன் ஓட்டுநர்களும் பொறியாளர்களும் சுற்று முழுவதையும் கால்நடையாக நடந்து, எங்கே மேடு, எங்கே தார் ஒட்டுப்போட்டிருக்கிறது என்று குனிந்து பார்த்துக் குறித்துக்கொள்வது இத்தகைய பந்தயங்களில் வழக்கம்.

என் மாணவர் சீட்டு வாங்கிக்கொண்டு அதைப் பார்க்கப் போனார். கால் வலித்ததால் கடைசிவரை இருக்க முடியவில்லை என்று மறுநாள் தொலைபேசியில் சொன்னார். பேருந்தில் திரும்பினாராம்.